இலவச கேம் யாருடைய காசில் ஓடுகிறது?

கொழும்பில் திருட்டு கேமைக் குறைத்தது சட்டம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறதுதான், ஆனால் அது வந்து வருடக்கணக்கான பிறகும் பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கடைகளில் கொப்பி டிவிடிகள் ஒளிவு மறைவில்லாமல் அடுக்கிக் கிடந்தன. வேகமான இன்டர்நெட் வந்ததும் டிவிடி போய், ஆளுக்கு ஆள் இன்டர்நெட்டிலேயே கோப்பைப் பகிர்ந்து இறக்கிக்கொள்ளும் டொரன்ட் வந்தது. அதையும் பின்னுக்குத் தள்ளியது, காசு கேட்காமலே உள்ளே விடும் கேம்கள்.

அந்த டிவிடியைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மெல்லிய பிளாஸ்டிக் உறை, மங்கலான கலர் பிரிண்ட் அட்டை. இன்ஸ்டோல் முடிந்ததும் அன்டிவைரஸை நிறுத்திவிட்டு, ‘கிராக்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும், கேமின் பூட்டை உடைக்கும் கோப்பை எடுத்து கேம் இருக்கும் இடத்தில் போட்டு ‘ரிப்ளேஸ்’ கொடுக்க வேண்டும். கேமோடு சேர்ந்து வைரஸும் வரும், அது தெரிந்தேதான் எல்லாரும் செய்தோம், ஏனென்றால் அசல் கேம் வாங்க எங்கள் வீடுகளில் கடன் அட்டையும் இல்லை, டொலரும் இல்லை. திருட்டு என்பது பெரும்பாலும் விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினைதான் என்று கேம் செய்யும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் 2011இல் சொன்னார். அவர் நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே இரண்டும்தான் பிரச்சினை. 60 டொலர் கேம், டொலர் 200 ரூபாவாக இருந்தபோது 12,000 ரூபா. 2022இல் டொலர் 360ஐத் தொட்டபோது அதே கேம் 21,600. பெற்றோல் வரிசையில் நின்ற அந்த நாட்களில் எந்த அப்பா அம்மாவிடம் போய் அதைக் கேட்பது?

இலவச கேம் இந்தச் சிக்கலை வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. கொப்பி அடிக்கவே ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டால் திருடுவது எதை? கேம் ஓடுவது கம்பனியின் சேர்வரில், உங்கள் கணக்கும் அங்கேதான், உங்கள் துப்பாக்கியின் நிறம்கூட அங்கேதான் பதிவாகியிருக்கிறது. கொப்பி மலிந்து கிடந்த தென்கொரியாவில் நெக்ஸன் போன்ற கம்பனிகள் 2000களின் தொடக்கத்திலேயே கேமை இலவசமாகக் கொடுத்து உள்ளே பொருள் விற்றன. 2007இல் காசுக்கு வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2ஐ வால்வ் 2011 ஜூனில் இலவசமாக்கியது, அதன் பிறகு அந்த கேமின் வருமானம் 12 மடங்கானது என்று அவர்களே சொன்னார்கள். இலவசமாகக் கொடுத்து 12 மடங்கு. அப்படியானால் அந்தக் காசை யாரோ கட்டியிருக்கிறார்கள்தானே.

யார் கட்டுகிறார்கள் என்று என் அக்கா மகனின் போனில் பார்த்தேன். ஒரு ஷூட்டிங் கேம். அதில் ஒரு சக்கரம், பத்துப் பொருள். வேண்டாத இரண்டை நீங்களே கழித்துவிடலாம், அதனால் தெரிவு உங்கள் கையில் இருப்பது போலவே இருக்கும். முதல் சுற்றுக்கு மிகக் கொஞ்ச டயமண்ட்தான், அதாவது நிஜக் காசுக்கு வாங்கும் கேம் காசு. ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறும், விழுவதெல்லாம் உதவாத பொருள், ஆசைப்பட்ட உடுப்பு கடைசி வரைக்கும் விழாது, இவ்வளவு செலவழித்தாயிற்று இனி விடுவதா என்று பிள்ளை இன்னொரு தரம் அழுத்துவான். டயமண்ட் விற்கும் பொதியும் பொருளின் விலையும் ஒருநாளும் சரியாகப் பொருந்தாது, எப்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அந்த மிச்சம் அடுத்த பொதியை வாங்க வைக்கும். அக்காவின் ரீலோட் காசு போன வழி இதுதான். ஏன்டா என்று கேட்டேன். “மாமா, சும்மா உடுப்போட போனா ஒருத்தரும் ஸ்குவாட்ல சேர்க்க மாட்டாங்கள்.” எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வெட்கத்தைக் கணக்குப் போட்டுக் காசாக்குகிற வேலையைப் பெரியவர்கள் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள், கோபம் அவர்கள்மேல்தான். பெல்ஜியம் 2018இலேயே காசுக்கு வாங்கும் லூட் பொக்ஸ்களை, அதாவது இந்தச் சக்கரம் மாதிரி உள்ளே என்ன விழும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகளை, சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் ஜென்ஷின் இம்பாக்ட் கம்பனி அமெரிக்காவில் 2 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது, பெற்றோரின் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லூட் பொக்ஸ் விற்கக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. இங்கேயும் அப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

இன்னொன்று. ஈஏ கம்பனி கடைசியாகக் கிரிக்கெட் கேம் வெளியிட்டது 2006இல். அதற்குப் புது ஜேர்சி, புது வீரர்கள் என்று ரசிகர்களே பட்ச் செய்து இன்னும் விளையாடுகிறார்கள், ஏனென்றால் அது அவரவர் கொம்பியூட்டரிலேயே இருக்கிறது. 2014இல் காசுக்கு வந்த த க்ரூ என்ற கார் ஓட்ட கேம், யூபிசொஃப்ட் 2024இல் சேர்வரை நிறுத்தியதும் ஓடவில்லை. காசு கொடுத்த கேமுக்கே இந்தக் கதி என்றால், இலவச கேமில் வாங்கிக் குவித்த உடுப்பெல்லாம் எத்தனை நாளைக்கு?

சரி, கேம் செய்கிறவர்களும் சாப்பிட வேண்டும், நான் அதை மறுக்கவில்லை, கிராக் பக்கம் திரும்பிப் போகச் சொல்லவும் இல்லை. வால்வின் ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமில் இப்போது தெற்காசியாவுக்கென்று தனி டொலர் விலை இருக்கிறது, இலங்கையும் அதற்குள் வரும். அந்த விலையை வைப்பது கேமை வெளியிடுகிறவர்கள். நியாயமாக வைத்தவர்களின் கேமை நான் சேல் வரும்வரைகூடக் காத்திருக்காமல் டெபிட் கார்ட்டில் வாங்குகிறேன், அமெரிக்க விலையையே இங்கேயும் போடுகிறவர்களின் கேம் விஷ்லிஸ்டில் கிடக்கிறது.