மல்லாட்டைக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 ரகத்தை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள், திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே ஊர் ஊராகப் பரவியதால். ஒரு ரேடியோவால் அவ்வளவு முடியும்.

வேலூர் மாவட்டத்தில் எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மாட்டுக் கொட்டாயில் இன்னும் ரேடியோ பாடுகிறது. கூச்சல் இல்லாமல் நல்ல தமிழில் நிதானமாகப் பேசும் அறிவிப்பாளர்களுக்காகவே கேட்கிறேன், அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் வேளாண் நிகழ்ச்சியில் மல்லாட்டையில் (நிலக்கடலையில்) வரும் டிக்கா என்ற இலைப்புள்ளி நோய்க்கு எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு என்பதை, நாம் பேனா எடுப்பதற்குள் தாளைப் பார்த்து மடமடவென்று வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொரு தடவை சொன்னால் என்ன? ஒடுகத்தூரிலோ குடியாத்தத்திலோ மல்லாட்டை போட்டவரைப் பேசவிடுங்கள் சார், இந்த மண் அவருக்குத்தான் தெரியும். அப்புறம், சந்தை விலையை வண்டி ஏற்றுவதற்கு முன்னால், விடியற்காலையிலேயே சொல்லுங்கள்.