ஹெப்பரின் சங்கிலியை எண்ணிப் படித்த கதை

மருந்தியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நான் தடுமாறியது ஒரே கேள்வியில்தான்: "ஃபான்டாபரினக்ஸ் த்ராம்பினை ஏன் தொடுவதில்லை?" ஃபான்டாபரினக்ஸ், ஹெப்பரினைப் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து; த்ராம்பினும் ஃபேக்டர் 10ஏ-வும் ரத்தத்தை உறையவைக்கும் நொதிகள். எந்த மருந்து ஃபேக்டர் 10ஏ-வைத் தடுக்கும், எது த்ராம்பினையும் சேர்த்துத் தடுக்கும் என்ற அட்டவணை தலைகீழாகத் தெரியும். 'ஏன்' என்றதும் வாய் அடைத்துவிட்டது.

அன்றிரவு அட்டவணையை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் ஒரு மணிமாலை வரைந்தேன். ஹெப்பரின் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. யூரோனிக் அமிலமும் குளுக்கோசமைனும் மாறி மாறிக் கோத்திருக்கும். மாலை நெடுக சல்பேட்டுகள். அவ்வளவு எதிர்மின்னூட்டம் அதனால்தான் வருகிறது. இந்தச் சங்கிலி நேரடியாக உறைதலைத் தடுப்பதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும், உறைதலைத் தடுக்கும் புரதமான ஆன்டித்ராம்பினை முடுக்கிவிடுகிறது, அவ்வளவே.

முடுக்கிவிட முழுச் சங்கிலியும் தேவையில்லை. குறிப்பிட்ட வரிசையில் அமைந்த ஐந்து சர்க்கரைகள் போதும். அந்த ஐந்தில் நடுவில் இருப்பதைச் சிவப்பு மையில் வரையுங்கள். அதன் மூன்றாம் கார்பனில் ஒரு சல்பேட் இருக்கிறது; அதை எடுத்துவிட்டால் ஆன்டித்ராம்பினுடனான பிடிப்பு பெருமளவு தளர்ந்துவிடும். சாதாரண ஹெப்பரினிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சங்கிலிகளில்தான் இந்த ஐந்தும் இருக்கும் என்று படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு.

ஐந்தும் ஒட்டியதும் ஆன்டித்ராம்பின் வடிவம் மாறி 10ஏ-வை மடக்கிவிடும். த்ராம்பின் அப்படிச் சிக்காது. ஆன்டித்ராம்பினும் த்ராம்பினும் ஒரே சங்கிலியில் அடுத்தடுத்து உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தது 18 சர்க்கரை நீளம் வேண்டும். மாலையில் 5-ஆம் மணியிலும் 18-ஆம் மணியிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மருந்துகளை இந்தக் கோடுகளோடு ஒப்பிடுங்கள். சாதாரண ஹெப்பரின் சராசரியாக 15,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), 18-ஐத் தாண்டிய நீளம். ஆகவே இரண்டையும் ஏறத்தாழ சமமாகத் தடுக்கிறது. குட்டைச் சங்கிலி ஹெப்பரினான ஈனாக்ஸபரின் சுமார் 4,500 டால்டன். அதன் சங்கிலிகளில் பெரும்பாலானவை 18-ஐ எட்டாததால் 10ஏ பக்கமே சாய்கிறது. ஃபான்டாபரினக்ஸ் அந்த ஐந்து மட்டுமே, ஆய்வகத்தில் செய்தது. த்ராம்பினை எட்டிப்பிடிக்க அதில் நீளமே இல்லை.

ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி சோதனை த்ராம்பின் தடுப்பையே அதிகம் காட்டும். அது ஏன் சாதாரண ஹெப்பரினுக்குப் பொருந்துகிறது, ஈனாக்ஸபரினுக்கு ஏன் 10ஏ தடுப்பளவைப் பார்க்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே வந்துவிடும்.

ஹெப்பரினை முறிக்கும் மருந்தான புரோட்டமினில் மட்டும் கவனமாக இருங்கள். அது நேர்மின்னூட்டம் கொண்டது, எதிர்மின்னூட்டத்தைப் பிடித்து முறிக்கிறது என்பதோடு நிறுத்தி, மூன்று மருந்துக்கும் முறிப்பான் என்று மாதிரித் தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தேன். பிடிப்புக்கும் நீளம் வேண்டும்: சாதாரண ஹெப்பரின் முழுமையாக முறியும், ஈனாக்ஸபரின் ஓரளவுதான், ஃபான்டாபரினக்ஸ் முறியவே முறியாது.

அடுத்த வைவாவில் ஹெப்பரின் பேச்சு வந்ததும், தாளும் பேனாவும் தரமுடியுமா என்று கேட்டு, முதலில் 18 மணிகள் வரைந்தேன்.