கல்லீரலை அளக்கும்போது 60 மில்லி என்ன பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். தானம் கொடுப்பவரின் கல்லீரலில் வலது மடலை எடுத்து நோயாளிக்கு வைப்பதற்கு முன்னால், சிடி ஸ்கேனை வைத்து எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு மிஞ்சும் என்று அளப்பார்கள். நம் நாட்டில் நடக்கும் கல்லீரல் மாற்று சிகிச்சைகளில் பெரும்பாலானவை இப்படி வீட்டில் ஒருவர் கொடுத்து நடப்பவை.

கணக்கு எளிது. படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) 0.7க்கு 0.7 மி.மீ., ஸ்லைஸ், அதாவது ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன் 1 மி.மீ. என்றால், ஒரு குட்டிப் பெட்டியின் அளவு 0.49 கன மி.மீ. கல்லீரலுக்குள் விழும் பெட்டிகளை எண்ணிப் பெருக்கினால் போதும், 1,200 மில்லி கல்லீரலில் சுமார் 24 லட்சம் இருக்கும். முன்பு ஸ்லைஸ் ஸ்லைஸாக மவுஸால் ஓரம் வரைந்துகொண்டிருந்தோம், இப்போது டோட்டல்செக்மென்டேட்டர் போன்ற மென்பொருள்கள் சில நிமிடங்களில் வரைந்து கொடுத்துவிடுகின்றன. ஆனாலும் அந்தக் கோட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 1,200, வலது மடல் 800, மிஞ்சுவது 400. அதாவது 33 சதவீதம். கொடுப்பவருக்குக் குறைந்தது 30 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்று பார்ப்பார்கள், அப்படியானால் சரிதான் என்று தோன்றும். ஆனால் இடது மடல் இதயத்தின் அடிப்பகுதியையும் இரைப்பையையும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, கான்ட்ராஸ்ட் (உறுப்புகள் தெளிவாகத் தெரிய ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து) சரியாக ஏறாத படத்தில் எது கல்லீரல் எது இரைப்பைச் சுவர் என்று பிரிப்பது கஷ்டம். அங்கே மென்பொருள் 60 மில்லி அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தால், உண்மையில் இருப்பது 1,140க்கு 340. 29.8 சதவீதம்! அந்த 60 மில்லியால் கொடுக்கலாமா கூடாதா என்ற முடிவே மாறிவிடும்.

அப்புறம் நடு கல்லீரல் சிரை, அதாவது வலது, இடது மடல்களுக்கு நடுவே ஓடும் ரத்தக்குழாய். வெட்டும் கோடு அதன் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்து இரண்டு பக்க அளவும் மாறும், அதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாங்குபவருக்கு அவர் எடையில் 0.8 சதவீதமாவது வேண்டும் என்பது பொதுவான அளவுகோல், 70 கிலோ ஆளுக்கு 560 கிராம். ஆனால் ஸ்கேனில் தெரிவது ரத்தம் நிரம்பிய கல்லீரல், எடுத்துக் கழுவித் தராசில் வைத்தால் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

அதனால்தான் ரிப்போர்ட்டில் வெறும் எண்ணை மட்டும் போடாமல், ஓரமும் வெட்டுக்கோடும் வரைந்த படங்களையும் சேர்த்துக் கொடுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.