இரண்டு மணி நேரம்

சிவப்பு என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. முதல் தடவை பார்த்தபோது என் சிறுநீர் துருப்பிடித்த குழாயில் வரும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. அடுத்த முறை போனபோது எப்போதும் போல இருந்தது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆனவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "யூரின் இன்ஃபெக்‌ஷன்மா, இந்த வயசுல சகஜம்" என்று ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். நின்றது. மாத்திரை போடாமல் இருந்திருந்தாலும் நின்றிருக்கும் என்று இப்போது தெரிகிறது. எனக்கு வந்தது சிறுநீர்ப்பைப் புற்றுநோய், அதில் ரத்தம் அப்படித்தான், வரும், போகும், நாம் மறந்த பிறகு திரும்ப வரும். இப்படி மூன்று முறை மாத்திரை சாப்பிட்டேன். மூன்றாவது முறை கல்ச்சர் ரிப்போர்ட்டை நானே படித்தேன். கிருமி எதுவும் வளரவில்லை என்று போட்டிருந்தது. நான் கணக்கு எழுதிப் பிழைத்தவள். வரவு இல்லாத இடத்தில் செலவு எழுதினால் கண்ணில் படாமல் போகாது. கிருமியே இல்லை என்றால் மாத்திரை எதற்கு டாக்டர் என்று கேட்டேன். சில சமயம் அப்படி வரும் என்றார். அதோடு ஏழு மாதம் போயிருந்தது.

இந்தப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. அதனால் ஆணுக்கு ரத்தம் போனால் உள்ளே பார்க்கிறார்கள், பெண்ணுக்குப் போனால் மாத்திரை கொடுக்கிறார்கள். எல்லா இடத்திலும் இல்லை. எனக்கு அப்படி நடந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, அதை மறைக்கவும் போவதில்லை.

வேறொரு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் ஏதோ தெரிந்ததும் சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜிஸ்டிடம் அனுப்பினார். அவர் சிஸ்டோஸ்கோபி செய்தார். மரத்துப்போகும் ஜெல் தடவி, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயில் கேமராவை உள்ளே விடுவது. பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையை என் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். இளஞ்சிவப்புச் சுவரில் இலை நரம்பு மாதிரி ரத்த நாளங்கள் ஓடின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஓரத்தில் அது வந்தது. குளத்துக்கு அடியில் பாசி அசைவது போல, மெல்லிய விரல்களாகப் பிரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

கட்டியைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷனுக்கு வெளியில் வெட்டுக் காயம் கிடையாது. அதே வழியாகப் போய் மின்சாரக் கம்பி வளையத்தால் சீவி எடுக்கிறார்கள். கண் விழித்தபோது மூன்று வாய் வைத்த கத்தீட்டர் குழாய் போட்டிருந்தார்கள். ஒரு வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய், இன்னொரு வழியாகக் கழுவிக்கொண்டு வெளியே இருக்கும் பைக்கு வரும். அந்தப் பையின் நிறம்தான் இரண்டு நாளும் எங்கள் வீட்டுப் பேச்சு. காலையில் அடர் சிவப்பு, மாலையில் ரோஜா, மறுநாள் மதியம் வெளிறிய மஞ்சள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்து, "இப்ப தேவலை" என்பார். அவருக்கு நிறம் பார்க்கவே தெரியாது. புடவைக் கடையில் எத்தனையோ முறை நிரூபித்திருக்கிறார்.

ரிப்போர்ட்டில் டி1, ஹை கிரேடு என்று வந்தது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிறுநீர்ப்பையின் உள்தோலைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் போயிருக்கிறது, தசையைத் தொடவில்லை. தசையைத் தொட்டிருந்தால் பையையே எடுப்பது, கீமோ, ரேடியேஷன் என்று பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தசையைத் தொடாத நிலைதான் என்றார் டாக்டர். ஆனால் ஹை கிரேடு என்பது முரட்டு ரகம், சும்மா விட்டால் தசைக்குப் போகும். அதனால் சில வாரத்தில் அதே இடத்தை இன்னொரு முறை சீவிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் மிச்சமில்லை.

சிகரெட் பிடிப்பீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புகையிலைதான் காரணம். புகையின் நஞ்சை ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடிகட்டுகிறது. வடிகட்டியது மணிக்கணக்கில் பையில் தேங்கி நிற்கிறது. சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு வருகிறது என்று லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895லேயே சொல்லிவிட்டார். நான் சாயமும் தொட்டதில்லை. எனக்கு ஏன் வந்தது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம் விட்டுவிட்டேன், பதில் கிடைத்ததால் அல்ல, அலுத்துப்போனதால்.

அடுத்தது பி.சி.ஜி. பெயரைக் கேட்டதும், "அது குழந்தைக்குப் போடுற டி.பி. தடுப்பூசி இல்லையா?" என்றேன். "அதே பாக்டீரியாதாம்மா" என்று டாக்டர் சிரித்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் ஜாக்கெட் கையை ஏற்றி, இடது தோளில் இருக்கும் அந்தச் சின்ன வட்டத் தழும்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐம்பத்தெட்டு வருடமாக என்னோடு இருக்கிறது. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக்கு வரும் டி.பி. கிருமியை எடுத்து, உருளைக்கிழங்கிலும் மாட்டுப் பித்தநீரிலும் 1908 முதல் 13 வருடம், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் பல்லைப் பிடுங்கினார்களாம். 230 முறை! நான் ஒரு வருடக் கணக்கை மூன்றாவது தடவை சரிபார்க்கவே முணுமுணுப்பேன். அதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் கட்டி திரும்புவது குறைகிறது என்று 1976ல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் குழுவினர் எழுதினார்கள். உயிருள்ள கிருமியைக் கண்டதும் உடம்பின் காவல்படை அந்த இடத்துக்கு ஓடிவருகிறது. வந்த வேகத்தில் மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் அடிக்கிறது.

பி.சி.ஜி. வாரம் ஒன்றாக ஆறு தடவை. மெல்லிய குழாயில் 50 மில்லி உள்ளே போகும், குழாயை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. முதல் இரண்டு வாரம் உண்மையிலேயே சுலபம்தான், நான்கு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டுப் போவேன். மருந்து எல்லாப் பக்கமும் படட்டும் என்று கால் மணிக்கொரு தரம் புரண்டு படுக்கச் சொன்னார்கள். வலது பக்கம், மல்லாந்து, இடது பக்கம், குப்புற. இவர் போனில் அலாரம் வைத்து, "ம்ம், திரும்பு" என்பார். தோசைக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. நான்காவது வாரத்திலிருந்து பை அழற்சியில் வெந்துபோய், ஒரு மணி நேரத்திலேயே பொத்துக்கொண்டு வரும் போலிருக்கும். நூறிலிருந்து பின்னால் எண்ணுவேன். பழைய ஆபீஸ் ஆட்களின் பெயர்களை மேஜை வரிசைப்படி சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் தோற்றுப்போனேன். நர்ஸிடம் பரீட்சையில் காப்பியடித்தவள் மாதிரி ஒப்புக்கொண்டேன். "பரவாயில்லம்மா" என்று அவள் சொன்னபோது அழுகை வந்தது. நோய் என்று கேட்டபோதுகூட நான் அழவில்லை.

அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒவ்வொரு முறை போனபின்பும் டாய்லெட்டில் பிளீச்சிங் திரவம் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும், போகிறது உயிருள்ள கிருமி அல்லவா. அன்றிரவு குளிர்காய்ச்சல், எரிச்சல், இருபது நிமிடத்துக்கு ஒரு ஓட்டம். இரண்டு நாளில் அடங்கிவிடும். அடங்காமல் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், ஏனென்றால் அந்தக் கிருமி அபூர்வமாக ரத்தத்திலும் கலக்கலாம். எனக்கு அப்படி ஆகவில்லை.

சொந்தக்காரர்களிடம் இவர் "யூரின் பிராப்ளம்" என்றே சொல்லி வந்தார். மார்பு, வயிறு, மூளை என்றால் கேட்பவர்கள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். இது சிறுநீர் சம்பந்தப்பட்டது என்றதும் குரல் தணிகிறது, பேச்சு வேறெங்கோ போகிறது. ஒரு நாள் போனில் என் நாத்தனார் கேட்டபோது, பக்கத்திலிருந்து கத்தினேன்: "கேன்சர்னு சொல்லுங்க!" அன்றிலிருந்து சொல்கிறார்.

பெரிய பயம் வந்தது ஒன்பதாவது மாதம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும் கேமரா பரிசோதனையில் ஒரு சிவந்த திட்டு. பி.சி.ஜி. போட்ட பையில் இப்படிச் சிவப்பது உண்டு, புற்றுநோயும் சில சமயம் இதே மாதிரி தட்டையாக இருக்கும், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். ரிப்போர்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாளில் வீட்டிலிருந்த எல்லா அலமாரிகளையும் அடுக்கினேன், மகளுக்குப் பாஸ்வேர்டுகளை எழுதி வைத்தேன். வெறும் அழற்சி என்று வந்தது. மகள், "அம்மா, அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடவா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். பாஸ்வேர்டுகள் எப்படியும் ஒரு நாள் வேண்டும்தானே.

இப்போது இரண்டரை வருடம். இடையிடையே மூன்று வாரம் மூன்று ஊசி என்று பராமரிப்பு பி.சி.ஜி. போகிறது (ஊசியே இல்லை, வாய்ப் பழக்கம்). பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. முன்பு மூன்று மணி நேரம் தாங்கிய பை இப்போது ஒன்றரை மணிக்கே மணியடிக்கிறது. எங்கே போனாலும் முதலில் டாய்லெட் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுகிறேன். சினிமாவில் ஓர இருக்கை. இருமினால், சிரித்தால் கொஞ்சம் கசியும், அதற்கென்று பேட். ஆறு மாதமாக இடுப்புத் தசைப் பயிற்சி செய்கிறேன், பாதி நாள் மறந்துவிடுகிறேன்.

அடுத்த கேமரா இன்னும் பன்னிரண்டு நாளில். முதல் நாளே யூரின் சாம்பிள் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் லேப் பாத்ரூமில் அந்தச் சின்னக் குப்பியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன், ஒரு சொட்டு வராது. இப்போது குப்பி கைக்கு வருவதற்குள் அவசரம்.