மரையில் ஏறிய காந்தம்

ஜனவரி 27, 2024

சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலத்தில், காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியைத் தாங்கும் கை இம்மாதம் 11ஆம் தேதி விரிந்துவிட்டதாம். நீளம் 6 மீட்டர். நுனியில் ஓர் உணரி, 3 மீட்டரில் இன்னொன்று. பெங்களூரில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. விண்வெளியில் அந்தக் கலம் அளக்கவேண்டியதோ சில நானோடெஸ்லாதான். கலத்தின் சொந்தக் காந்தம் தூரம் இரட்டித்தால் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். இரு உணரிகளின் அளவையும் ஒப்பிட்டு அதைக் கழித்துவிடலாம். அழகான ஏற்பாடு! நாங்கள் காந்தமானியோடு கட்டும் சிறிய விண்கலத்தில் அவ்வளவு நீளக் கைக்கு இடமில்லை. காந்தமேறும் பொருளைக் கலத்துக்குள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 30

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகள் வந்தன. கூட வந்த விவரத்தாளில் 'காந்தமற்றது' என்றிருந்தது. நூலில் கட்டிய சிறு காந்தத்தின் அருகே ஒன்றைக் கொண்டுபோனேன். தலைப்பக்கம் காட்டியபோது லேசாக ஆடிய காந்தம், மரைப்பக்கம் காட்டியதும் சாய்ந்து ஒட்டிக்கொண்டது.

உலோகம் தாளில் உள்ளதேதான். மரையைக் குளிர்நிலையில் அழுத்தி உருட்டும்போது அணுக்களின் அடுக்கு குலைந்து, ஆஸ்டெனைட் என்ற காந்தமற்ற அடுக்கமைப்பின் ஒரு பகுதி, மார்ட்டென்சைட் என்ற காந்தமேறும் அமைப்பாகிவிடுகிறது. வளைத்த தகட்டிலும் இதே கதைதான். ஆகவே மூலப்பொருளைச் சோதித்தால் போதாது, செய்து முடித்த பாகத்தைச் சோதிக்க வேண்டும் என்று கூட்டத்தில் அழுத்திச் சொன்னேன். காந்தம் பட்ட மாதிரிகளைத் தனி டப்பாவில் பூட்டிவைத்தாயிற்று. அவை கலத்தில் ஏறக்கூடாது.

பிப்ரவரி 2

மின்கம்பிகளை இணைக்கும் கனெக்டர்கள். தங்கப்பூச்சுக்கு அடியில் நிக்கல், அதுவும் காந்தமேறும் உலோகம்! பாஸ்பரஸ் மிகுந்த, மின்சாரமின்றிப் பூசும் நிக்கலானால் காந்தம் ஏறாது. ஆனால் அதையும் அதிகமாகச் சூடாக்கினால் படிகமாகிக் காந்தமேறிவிடும். பித்தளை உடல் கொண்ட வேறு ரகத்தைக் கேட்டிருக்கிறோம்.

பிப்ரவரி 6

திருகாணிகளுக்குக் காந்தநீக்கம் செய்தால் போதாதா என்று கேட்டார்கள். சுருளுக்குள் வைத்து மாறுதிசைப் புலத்தைக் கொடுத்து, மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் ஏதோ ஒரு காந்தம் தங்கிவிடும். பொறுமையாகச் செய்தால் எஞ்சிய காந்தம் போகும், மார்ட்டென்சைட் போகாது. கலத்தைத் திருப்பும் மின்காந்தத் தண்டு ஒருமுறை இயங்கினாலே மறுபடியும் ஏறிக்கொள்ளும். உணரியின் அருகே டைட்டானியத்தைத் தவிர வேறெதற்கும் நான் கையெழுத்திட மாட்டேன்.

ஒப்புக்கொண்டார்கள். டைட்டானியத் திருகாணிகள் வரும்வரை உணரி இருக்கும் பலகையைப் பூட்டும் வேலை நிற்கிறது. அதற்குள், மின்னோட்டம் போகும் கம்பியையும் திரும்பி வரும் கம்பியையும் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழிக்கும்படி முறுக்கிக் கட்டும் வேலையை முடித்துவிடலாம்.