பொருளியல் பட்டப்படிப்பு: கட்டணமும் பயனும்

இளங்கலைப் பொருளியலுக்குக் கல்லூரி தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலாண்டுக் கட்டணத்தை மட்டுமே ஒப்பிடுகின்றன. மூன்று ஆண்டுக் கட்டணம், விடுதி, உணவு, பயணம் ஆகியவற்றோடு, அதே பணத்தையும் காலத்தையும் வேறெதற்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற வாய்ப்புச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் செலவு மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நான் படித்தது அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில். அங்கே காலையில் உதவிபெறும் பிரிவும் மாலையில் சுயநிதிப் பிரிவும் நடந்தன; பாடத்திட்டம், வினாத்தாள், பட்டச் சான்றிதழ் மூன்றும் ஒன்றே, கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபட்டது. ஆகவே இரண்டிலும் இடம் கிடைக்கும் வாய்ப்புள்ளவர், உதவிபெறும் பிரிவின் கடைசிக் கலந்தாய்வு முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது.

பயனைப் பொறுத்தவரை, கல்லூரியின் பெயரைவிடப் பாடத்திட்டத்தில் கணிதம், புள்ளியியல், பொருளாதார அளவையியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறைகளால் ஆராயும் பாடம்) ஆகியவற்றுக்கு எத்தனை தாள்கள் உள்ளன என்பதே முக்கியம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். நம் கல்லூரிகள் பலவற்றில் பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களும் பி.ஏ. பொருளியலில் சேரலாம், இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதுகலை நுழைவுத் தேர்வுகளில் வகை நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு ஆகியவை தவறாமல் வருகின்றன. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் நடத்தும் அளவுசார் பொருளியல் (Quantitative Economics) முதுகலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே இல்லை, உதவித்தொகையும் உண்டு. அதன் நுழைவுத் தேர்வில் ஒரு தாள் முழுக்கக் கணிதம். எனவே, மூன்று ஆண்டுகள் கணிதத்தை விடாமல் படித்த அரசுக் கல்லூரி மாணவர், பெரும் கட்டணம் கட்டிக் கணிதத்தைத் தவிர்த்தவரைவிடக் குறைந்த செலவில் நெடுந்தூரம் செல்ல முடியும்.

வங்கித் தேர்வோ டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வோதான் இலக்கு என்றால் பெரும்பாலான பதவிகளுக்கு எந்தப் பட்டமும் போதும். அதற்காக விலையுயர்ந்த தனியார் கல்லூரியைத் தேட வேண்டியதில்லை. மத்திய அரசுப் பணிகளுள் ஒன்றான இந்தியப் பொருளாதாரப் பணிக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். அந்த வழியில் செல்ல விரும்புவோர் மூன்று ஆண்டுகளுக்கு அல்ல, ஐந்து ஆண்டுகளுக்குத் திட்டமிட்டு, இளங்கலையில் மிச்சப்படுத்தும் தொகையைச் சென்னைப் பொருளியல் கல்லூரி போன்ற முதுகலை நிறுவனங்களின் செலவுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

கல்விக் கடன் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பிணையம் கேட்கக் கூடாது என்றாலும், படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி என்று கொண்டால், முதலாண்டில் பெற்ற 1 லட்சம் ரூபாய்க்கு, மூன்று ஆண்டுப் படிப்பும், தவணை கட்டத் தொடங்கும் முன் கிடைக்கும் ஓராண்டு அவகாசமும் முடியும்போது 40,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். சேருமுன் துறைத் தலைவரைச் சந்தித்து, கடந்த சில ஆண்டுகளில் அங்கிருந்து முதுகலைக்குச் சென்றவர்கள் எந்த நிறுவனங்களில் சேர்ந்தார்கள், எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அதன்பின் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.