நான்கு வயலின், நான்கு ஹார்ப்சிகார்ட்

இரண்டு நாளாக ஒரே இசையை இரண்டு உருவில் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். 1711-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான, இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் தொகுப்பில், நான்கு வயலின்களுக்கான பி மைனர் கான்செர்ட்டோ (தனி வாத்தியங்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஒன்று உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பின்னாளில் அதை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு (பியானோ போல விசைகளை அழுத்தி வாசிக்கும் பழைய நரம்பு வாத்தியம்) மாற்றி எழுதினார்.

சுருதியை ஏ மைனருக்கு இறக்கிவிட்டார். தன் சொந்த வயலின் கான்செர்ட்டோவை மாற்றும்போதும் ஈ மேஜரை டி மேஜர் ஆக்கினார். வயலின் தொடும் உச்சி சுரம் அன்றைய பல ஹார்ப்சிகார்டுகளில் கிடையாது. சரி, அது கணக்கு. ஆனால் வில்லால் இழுத்துப் பிடிக்கும் நீண்ட சுரத்தை என்ன செய்வது? ஹார்ப்சிகார்டில் நரம்பைச் சுண்டியதுமே ஒலி தேயத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் பாக் சின்னச் சின்ன அலங்காரங்களைக் கோக்கிறார், இடது கைக்குப் புது வேலை தருகிறார்.

நடுப்பகுதியில்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நால்வரும் ஒரே கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டை, ஆளுக்கொரு விதமாகப் பிரித்து வாசிக்கிறார்கள். வயலினில் அது வாய்க்கால் நீர் போல ஓடும். ஹார்ப்சிகார்டில் தகரக் கூரையில் விழும் மழை. எனக்கு அந்த மழைதான் பிடித்திருக்கிறது. இயர்போன் போட்டுக் கேளுங்கள், நால்வரும் தனித்தனியாகப் பிடிபடுவார்கள்.